டெபாசிட் இழந்தவர்கள்: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஏழைகள் ஓட்டுப் போடுகிறார்கள், வசதியானவர்கள் போடுவதில்லை என்பது இந்தியத் தேர்தல் பற்றி எழுதுகிற எல்லோரும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்ட சங்கதி. 2024 மக்களவைத் தேர்தலில் தர்மபுரியில் 81 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பதிவு. மத்திய சென்னையில் 54ஐக்கூட எட்டவில்லை. சேலமும் நாமக்கல்லும் 78ஐ ஒட்டி நின்றன. மாநிலச் சராசரி 70க்கும் சற்றுக் குறைவு. 2021 சட்டமன்றத் தேர்தலிலும் இதே கதைதான்: பாலக்கோட்டில் 87, வேளச்சேரியில் 56. (சென்னையில் ஏழைகளே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். வீடு மாறி மாறி, பட்டியலில் பெயர் ஒரு இடத்திலும் ஆள் ஒரு இடத்திலுமாக இருக்கிறார்கள்.) அமெரிக்காவைப் பற்றி சிட்னி வெர்பாவும் நார்மன் நீயும் 1972இல் எழுதியது இதற்கு நேர்மாறானது. படிப்பும் வருமானமும் ஏற ஏற அரசியல் பங்கேற்பும் ஏறும் என்பது அவர்கள் கண்டது. நம்மூரில் அந்தக் கோடு தலைகீழாகக் கிடக்கிறது. யோகேந்திர யாதவ் போன்றவர்கள் தொண்ணூறுகளில் இதையே ஜனநாயகத்தின் இரண்டாவது எழுச்சி என்று கொண்டாடினார்கள்.

கொண்டாட்டத்தில் தவறில்லை. ஆனால் இந்தக் கொண்டாட்டச் சொல்லாடல் ஒரு காரியத்தைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. பங்கேற்பு என்றால் ஓட்டு, ஓட்டு என்றால் பங்கேற்பு என்று ஒரு சமன்பாட்டைக் கட்டமைத்துவிடுகிறது. வெர்பாவும் நீயும்கூட ஓட்டை மட்டும் எண்ணவில்லை. பிரச்சாரம், சங்கம், அதிகாரியைப் போய்ப் பார்ப்பது எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணினார்கள். அப்படி எண்ணினால் நம் சமவெளியில் என்ன மிஞ்சுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் நம் பெருமிதம் ஒன்றைக் கொஞ்சம் கலைத்துப் பார்த்துவிடுவோம். ஜனநாயகம் என்றதும் தமிழ் படித்தவன் வாயில் முதலில் வருவது உத்திரமேரூர்க் குடவோலை. பாடநூலிலிருந்து கட்சி மேடை வரை இதைச் சொல்லாத ஆளில்லை. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய அந்தக் கல்வெட்டை எடுத்து வாசித்தால் குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பதற்குத்தான் அதில் அதிக இடம். இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். கூடுதல் படிப்பு இருந்தால் நிலத்தில் பாதி தள்ளுபடி. இது ஒரு பிராமணச் சபையின் விதி. அந்த நிலத்தை உழுதவன் குடத்தின் பக்கத்தில்கூட வந்திருக்க முடியாது. ‘உலகின் முதல் ஜனநாயகம்’ என்ற பெருங்கதையாடலுக்குள் சொத்துத் தகுதி ஒளிந்து உட்கார்ந்திருக்கிறது. நாம் அதைப் பார்க்க விரும்பவில்லை, அவ்வளவுதான்.

ஆயிரம் ஆண்டு கழித்து வெள்ளைக்காரன் கொண்டுவந்த தேர்தலும் இதே தர்க்கத்தில்தான் நடந்தது. 1919 சட்டப்படி 1920இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு வாக்காளர்கள் 12 லட்சத்துச் சொச்சம் பேர். மக்கள் தொகையில் நூற்றுக்கு மூன்று. வரி கட்டுகிறவன், பட்டா வைத்திருக்கிறவன், படித்தவன். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயன் 1926இல் மாகாணத்தின் முதல் மந்திரியானது இந்த மூன்று சதவீதத்தின் தலைமீது ஏறித்தான். அந்த வீட்டின் பிற்கால வரலாறு இன்னும் சுவாரசியம். மகன் மோகன் குமாரமங்கலமும் மகள் பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்டுகள். மோகன் பிறகு காங்கிரசில் சேர்ந்து மத்திய மந்திரி. பேரன் ரங்கராஜன் 1984, 1989, 1991 என்று மூன்று முறை சேலத்தின் காங்கிரஸ் எம்.பி.; பிறகு பா.ஜ.க. மந்திரி. அவர்களுடைய நேர்மையையோ திறமையையோ நான் சந்தேகிக்கவில்லை. சொல்ல வருவது வேறு. கொள்கைகள் மாறின, கொடிகள் மாறின. ஆளை அனுப்புகிற வீடு மாறவில்லை. வர்க்க எதிர்ப்பு அரசியலுக்குக்கூட ஜமீன் வீட்டுப் படிப்பும் ஓய்வும் தேவைப்பட்டன. ஓய்வு என்பது அரசியலின் மூலதனம். அது தறிக்காரனிடம் இல்லை.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். ஜனவரி 26 முதல் அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் அசமத்துவமுமாக ஒரு முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்றார். நம் சேலத்தில் அந்த முரண்பாடு முகம் காட்டப் பதினாறே நாள் எடுத்துக்கொண்டது. 1950 பிப்ரவரி 11. சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு. 22 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார்ப் பக்கத்து விவசாயிகள். குடியரசு பிறந்து பதினாறாம் நாள் என்றால் நம் பக்கம் கருமாதி முடிகிற கணக்கு. ஊர்க்காரர்களே இந்த ஒற்றுமையைக் கவனித்ததாகத் தெரியவில்லை. சேலத்தைப் பற்றிப் பேசினால் மாம்பழம், இரும்பாலை, 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமான மாநாடு. இந்த 22 பேர் பட்டியலில் வருவதில்லை.

சிறை என்றதும் சட்டப் புத்தகத்தில் ஒரு வரியைச் சுட்ட வேண்டும். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு: சிறையில் இருப்பவன் ஓட்டுப் போடக் கூடாது. தண்டனை பெற்றவன் மட்டுமென்று நினைக்காதீர்கள். விசாரணைக் கைதிக்கும் கிடையாது. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நாலில் மூன்று பங்கு விசாரணைக் கைதிகள். இவர்களில் பலர் ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் கிடப்பவர்கள். சொத்து காட்டி வெளியே வந்துவிட்டவன் அதே வழக்கை வைத்துக்கொண்டே வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொள்கிறான். 1919இன் சொத்துத் தகுதி எங்கும் போய்விடவில்லை, சிறை வாசலில் குடியிருக்கிறது. வேடிக்கையின் உச்சம் இதற்கு அடுத்தது. ஓட்டுப் போட முடியாதவன் போட்டியும் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. கட்சிகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அந்த வருஷமே சட்டத்தைத் திருத்திவிட்டன. ஆகவே உள்ளே இருந்தபடி போட்டியிடலாம். 2024இல் இருவர் அப்படி ஜெயித்து மக்களவைக்கும் போனார்கள். ஓட்டுப் போடத்தான் முடியாது.

இனி காவிரிக்கு அக்கரை. அக்கரை என்றாலும் எல்லாம் ஒரே சமவெளிதான். 1996 சட்டமன்றத் தேர்தல், மொடக்குறிச்சி. வேட்பாளர்கள் 1,033 பேர். தங்கள் குறைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் சங்கத்தார் கும்பல் கும்பலாக மனுத் தாக்கல் செய்துவிட்டார்கள். வாக்குச் சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். மற்றவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் டெபாசிட் போயிற்று. 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை.

பொது அறிவுப் புத்தகங்களில் இது ஒரு ‘சாதனை’யாக, நகைச்சுவையாக இன்றும் இடம்பெறுகிறது. நான் இதைத் தமிழ்நாட்டின் முக்கியமான அரசியல் பிரதிகளில் ஒன்று என்று வாசிக்க விரும்புகிறேன். அந்த 88 பேரைப் பாருங்கள். தன் ஓட்டையே தனக்குப் போட்டுக்கொள்ளாத வேட்பாளர்கள்! பதவி அவர்கள் நோக்கமே இல்லை. வேட்பாளர் என்கிற குறியை எடுத்து, அது எதற்காக இருக்கிறதோ அதற்கு அல்லாத ஒன்றுக்குப் பயன்படுத்தினார்கள். மனுக் கொடுத்தால் கிழித்துப் போடுகிறாய், சரி, வேட்புமனுவைக் கிழித்துப் போட முடியுமா உன்னால்? வாங்கி, எண் போட்டு, சின்னம் கொடுத்து, பெயரை அச்சடித்தே ஆக வேண்டும். அரசின் எழுத்துக்குள் ஆயிரம் பெயர்களைச் செருகிவிட்டார்கள். அதே ஆண்டு தெலங்கானாவின் நல்கொண்டாவிலும் 480 பேர் நின்றார்கள், ஃப்ளோரைடு கலந்த தண்ணீருக்காக.

அரசு என்ன பதில் சொன்னது? தண்ணீரைப் பற்றியோ விவசாயத்தைப் பற்றியோ பேசவில்லை. விலையைக் கூட்டியது. சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 5,000 ஆயிற்று, மக்களவைக்கு 500 என்பது 10,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஆளாக இல்லாவிட்டால் பத்து பேர் முன்மொழிய வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு இன்னொரு தடவை உயர்த்தி இப்போது பத்தாயிரமும் இருபத்தைந்தாயிரமும். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1996இல் ஆயிரம் பேர் சேர்ந்து கத்துவதற்கு அதிகபட்சம் இரண்டரை லட்சம் செலவு. இன்று அதே கத்தலுக்கு ஒரு கோடி. ‘விளையாட்டு வேட்பாளர்களைத் தடுக்க’ என்று இதற்கு விளக்கம் சொன்னார்கள். விளையாட்டு யாருக்கு? சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம், மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம் வரை வேட்பாளர் செலவு செய்யலாம் என்று 2022இல் உச்சவரம்பை உயர்த்தினார்கள். பத்தாயிரம் ரூபாயை வேடிக்கையாகத் தூக்கிப் போடக்கூடியவன் யாரென்று அதிலிருந்தே தெரியும்.

ஆனால் மொடக்குறிச்சியையும் நாம் அப்படியே தலையில் தூக்கிவைத்து ஆடத் தேவையில்லை. அன்றைய 250 ரூபாய் தோட்டக்காரருக்குச் சின்னத் தொகை. அந்தத் தோட்டத்தில் களை வெட்டுகிற பெண்ணுக்குப் பல நாள் கூலி. சங்கம் அவரிடம் இருந்தது, இவளிடம் இல்லை. கொங்குப் பகுதி விவசாயிகள் இயக்கத்தின் வரலாறே இந்தப் பிளவின் மேல்தான் நிற்கிறது. 1970இல் பெருமாநல்லூரில், 1972இல் நம் பெத்தநாயக்கன்பாளையத்தில் குண்டடி பட்டுச் செத்தார்கள். நாராயணசாமி நாயுடு மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய் ஊரை மறித்து நிறுத்தினார். அத்தனை உயிர்ப்பலிக்கும் பிறகு 1989-91 தி.மு.க. ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. பெரிய வெற்றி, மறுப்பதற்கில்லை. ஆனால் மின்சாரம் யாருக்கு? மோட்டார் வைத்திருப்பவனுக்கு. மோட்டார் யாரிடம்? கிணறு இருப்பவனிடம். கிணறு வெட்டப் போனவனிடமும் சேற்றை அள்ளியவனிடமும் இல்லை. பண்ணயத்து ஆளாகக் கவுண்டர் வீட்டில் விடப்பட்ட அருந்ததியப் பையன்களின் உலகத்தைப் பெருமாள்முருகன் ‘கூளமாதாரி’யில் (2000) எழுதியிருக்கிறார். அந்த உலகத்துக்கும் இலவச மின்சாரத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் நான் சொல்கிற பங்கேற்பு அசமத்துவம். இருவருக்கும் ஓட்டு ஒன்றுதான்.

இங்கேதான் ‘ஓட்டுக்குக் காசு’ வருகிறது. நம் நடுத்தர வர்க்கம் இதைப் பற்றிப் பேசும்போது முகம் சுளிக்கிற விதமே தனி. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு இது ஒரு ‘ஃபார்முலா’ ஆயிற்று. 2016இல் பக்கத்து அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2019இல் வேலூரிலும் காசு புழங்கியதைச் சொல்லித் தேர்தலையே நிறுத்தினார்கள். உடனே பொதுப்புத்தி என்ன சொல்கிறது? ‘சனங்க கெட்டுப் போச்சு, ஐநூறுக்கும் ஆயிரத்துக்கும் நாட்டை வித்துப்போடறாங்க.’ விற்றவளைத்தான் ஏசுகிறோம். வாங்கியவன் அடுத்த வாரம் பூரண கும்ப மரியாதையோடு கோயில் திருவிழாவுக்கு வருகிறான்.

நாமக்கல்லில் லாரி உரிமையாளர்கள் சங்கம் வேலைநிறுத்தம் என்று அறிவித்தால் சென்னை, டெல்லி வரை பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார்கள். கேஸ் டேங்கர் லாரிக்காரர்கள் டெண்டர் விதி பிடிக்கவில்லை என்றால் தென்னிந்தியாவின் அடுப்பங்கரையே கலங்கும். கோழிப் பண்ணைக்காரர்கள் தீவன மக்காச்சோளத்துக்காக மந்திரியைப் பார்ப்பார்கள். ஜவ்வரிசி ஆலைக்காரர்களுக்கு 1981 முதல் சேகோசர்வ் என்று சொந்தக் கூட்டுறவு இருக்கிறது. இதற்கெல்லாம் நாம் வைத்திருக்கிற பெயர் ‘கோரிக்கை’, ‘பிரதிநிதித்துவம்’. சலுகை வருஷம் முழுக்கக் கிடைத்தால் கொள்கை முடிவு. அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை ராத்திரியில் கவரில் கிடைத்தால் லஞ்சம். சங்கம் வைத்திருப்பவனுக்கு வாக்காளர் பட்டியலே தேவையில்லை, அவன் ஓட்டுப் போடாவிட்டாலும் அவன் குரல் போய்ச் சேரும். ஓட்டைத் தவிர வேறொன்றும் இல்லாதவள்தான் அதை விற்கவும் முடிகிறது, தவறாமல் போடவும் செய்கிறாள். 78 சதவீதத்தின் ரகசியம் பாதி இங்கே இருக்கிறது.

காசு வாங்குவதை நியாயப்படுத்துகிறேன் என்று நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். நியாயப்படுத்தவில்லை. அந்தக் காசு தெருத் தெருவாக, சாதி சாதியாகக் கணக்குப் பார்த்துத்தான் பிரிக்கப்படுகிறது. கொடுக்கும்போதே யாருக்கு எவ்வளவு மதிப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். வாங்கிய பிறகு ரோட்டைப் பற்றிக் கேட்கப் போனால், அதான் வாங்கிட்டீங்களே என்பான். ஐந்து வருஷத்து வாயையும் சேர்த்து அடைக்கிற முன்பணம் அது.

முன்பணம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் வேலைக்குச் சேரும்போதே தறிக்காரரிடம் முன்பணம் வாங்குவது பழக்கம். ‘பாக்கி’ என்பார்கள். பாக்கியைத் தீர்க்காமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது; போனால் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். ஹெர்ட் டி நெவ் என்கிற மானுடவியலாளர் குமாரபாளையம், பவானி பற்றி 2005இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ஆள் தட்டுப்பாடு இருந்த காலத்தில் தொழிலாளியே இதைப் பேரம் பேசும் கருவியாகவும் பயன்படுத்தியதை அவர் காட்டுகிறார். ஆக இது பழைய கொத்தடிமைமுறை என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. ஆனாலும் பாக்கி இருக்கிறவன் எந்தச் சங்கக் கூட்டத்துக்குப் போவான்? முதலாளி எந்தக் கட்சி என்பது அவனுக்குத் தெரியும். ரகசிய வாக்கெடுப்பு என்பது பெட்டிக்கு முன்னால் நிற்கிற அரை நிமிஷத்துக்குத்தான். மீதி வருஷம் முழுக்க வெளிச்சத்தில் வாழ வேண்டும். கடன் எவ்வளவு ஆழம் என்பதற்கு, பள்ளிபாளையத்துத் தறித் தொழிலாளர்கள் சிறுநீரகத்தை விற்ற கதை 2025 ஜூலையில் மாநிலம் முழுக்க நாறியது. புரோக்கரைத் தேடினார்கள், ஆஸ்பத்திரிகளைச் சோதித்தார்கள், குழு போட்டார்கள். கூலியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

ஓட்டே போடாதவர்களும் இந்தச் சமவெளியில் உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர் போடப் போன பையன் தேர்தலன்று சத்தீஸ்கரிலோ மத்தியப் பிரதேசத்திலோ பாறையைக் குடைந்துகொண்டிருப்பான். நாமக்கல் லாரி டிரைவர் நாக்பூர் தாண்டியிருப்பார். தேர்தல் வேலைக்குப் போகிற அரசு ஊழியருக்குத் தபால் ஓட்டு உண்டு, டிரைவருக்கு இல்லை. வெளியூரில் வேலை செய்பவர்கள் இருந்த இடத்திலிருந்தே ஓட்டுப் போட ஒரு யந்திரம் என்று தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது, கட்சிகள் எதிர்த்தன, அதோடு அடங்கிப் போயிற்று. இதன் மறுபக்கம், நம் கோழிப் பண்ணைகளிலும் மில்லிலும் வேலை செய்கிற ஒடியா, பீகார்ப் பையன்கள். நம் ஊர் முட்டை அவர்கள் கையில், நம் ஊர்ப் பஞ்சாயத்தில் அவர்கள் இல்லை. முகாம்களில் இருக்கும் ஈழத் தமிழர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். 1983க்குப் பிறகு வந்து, இங்கேயே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையும் பிள்ளை பெற்றுவிட்டது. பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பஞ்சாயத்து என்றேன். ஏட்டில் பார்த்தால் நேரடிப் பங்கேற்புக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. 1994 சட்டப்படி கிராம சபை. நாலு நாளாக இருந்ததை 2022இல் ஆறாக்கினார்கள். 500 பேருக்குள் உள்ள ஊரென்றால் 50 பேர், மூவாயிரம் வரை 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். இந்தக் கணக்கை நிரப்பப் பல ஊர்களில் நூறுநாள் வேலைப் பெண்களை உட்கார வைத்தார்கள். கையெழுத்து வாங்கும்வரை அவர்கள் வேண்டும், தீர்மானம் எழுதும்போது வேண்டாம். நாற்காலியில் யார், தரையில் யார் என்று ஒரு முறை பார்த்தால் ஊரின் நிலக் கணக்கே தெரிந்துவிடும். அதுவாவது நடந்தது. 2016இலிருந்து 2019 டிசம்பர் வரை உள்ளாட்சித் தேர்தலே இல்லை. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்ததும் சேலம், நாமக்கல் உட்பட 28 மாவட்ட ஊராட்சிகளில் மறுபடி தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். சட்டமன்றத்துக்கு இப்படி மூன்று வருஷம் தேர்தல் நடத்தாமல் இருந்திருந்தால் சும்மா விட்டிருப்போமா? ஊராட்சி ஏழையின் சபை, ஆகவே காத்திருக்கும்.

தனித் தொகுதி பற்றி ஒரு வார்த்தை. ராசிபுரம், கெங்கவல்லி, ஆத்தூர் தாழ்த்தப்பட்டோருக்கு. ஏற்காடு, சேந்தமங்கலம் பழங்குடியினருக்கு. இவை இல்லாவிட்டால் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலித் குரல்கூடச் சட்டசபைக்குப் போயிருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேட்பாளரைத் தேர்வு செய்கிற மாவட்டச் செயலாளர் தனித் தொகுதிக்காரர் இல்லை. எல்லாச் சாதி ஓட்டும் வேண்டுமென்பதால் அதிகம் பேசாத ஆள் வசதியாகிறார். அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு 2009இல் வந்ததற்குத் தனித் தொகுதி உறுப்பினர்களைவிடத் தெருவில் நின்ற சின்னச் சின்ன அமைப்புகளே காரணம் என்பது என் கணிப்பு. டெபாசிட் கட்ட முடியாத அமைப்புகள் அவை.

பார்த்தா சாட்டர்ஜி 2004இல் ஒரு பிரிவினையை முன்வைத்தார். உரிமையோடு அரசிடம் பேசுகிற குடிமைச் சமூகம் ஒன்று; அரசு கணக்கெடுத்து, சமாளித்து, பேரம் பேசுகிற ‘ஆளப்படுவோரின்’ அரசியல் சமூகம் மற்றொன்று. நல்ல பிரிவினைதான், நம்மூருக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் பேரம் பேசவாவது ஒரு கூட்டம், ஒரு இடைத்தரகர், ஓர் ஓட்டுவங்கி வேண்டும். தனியாளாகக் கையில் மனுவோடு நிற்கிறவர் இந்த இரண்டிலும் அடங்குவதில்லை.

அவரைத் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் பார்க்கலாம். மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா, முதியோர் பென்சன், பாதைத் தகராறு. வாசலில் மனு எழுதித் தருகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், எழுதவும் காசு. மனுவுக்கு ஒரு எண் கிடைக்கும். அடுத்த மாதம் அதே மனுவுக்கு வேறொரு எண். கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனுக் கொடுத்த ஒரு கூலிக் குடும்பம் 2017 அக்டோபர் 23 அன்று, அதுவும் ஒரு திங்கட்கிழமை, திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்தது. தாய், தகப்பன், இரண்டு குழந்தைகள். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கக் கலெக்டர் அலுவலக வாசல்களில் சோதனை இறுகிவிட்டது. சேலத்திலும் நாமக்கல்லிலும் போலீஸ்காரர்கள் வருகிறவர்களின் பையை வாங்கி, மனுவை ஒதுக்கிவிட்டு, தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து மண்ணெண்ணெய் வாடை வருகிறதா என்று மோந்து பார்க்கிறார்கள்.